ஒரே பெரணி, மூன்று மண்: செம்மண்ணில் மட்டும் ஓடுதண்டு ஏன் கன்று விடவில்லை?

கோத்தகிரி_நாற்றங்கால்

வணக்கம். கோத்தகிரியில் 75 சதவீத நிழல்வலைக்குள் பெரணிகளை விதை, வித்து (ஸ்போர்) எதுவும் இல்லாமல் கன்றாகவே பெருக்கிக்கொண்டிருக்கிறோம். 10 செ.மீ. ஆழத் தட்டுகள். மண் மூன்று வகை.

அ) சரிவில் வெட்டிய செம்மண், 5 மி.மீ. சல்லடையில் சலித்தது. பி.எச். 4.9.
ஆ) தோட்டத்து மரத்தடியில் சேர்ந்த கறுப்பு மக்குமண். பி.எச். 5.4.
இ) கோகோபீட் 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. பி.எச். 6.3.

செடிகளும் மூன்று. வாள் பெரணி (நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா), இலை நுனி தரையைத் தொட்ட இடத்தில் வேர்விடும் நடக்கும் பெரணி (அடியாண்டம் பிலிப்பென்ஸ்), இலை மேலேயே குட்டிச் செடி வரும் மதர் ஃபெர்ன்.

செம்மண்ணில் வாள் பெரணியின் ஓடுதண்டு மண்ணின் மேலேயே கம்பி மாதிரி ஓடித் தட்டைத் தாண்டித் தொங்குகிறது, ஒரு கன்றுகூட இல்லை. கறுப்பு மண்ணில் மழை மாதங்களில் நிறையக் கன்று வந்தது. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் ஊற்றினால் மேலே உருண்டு ஓரமாக வடிந்துவிடுகிறது, கன்றுகள் சுருங்குகின்றன. கோகோபீட்டில் கன்று வருகிறது, ஆனால் புது இலையின் நுனி பழுப்பாகிறது. அடியாண்டம் ரோட்டோரக் கட்டில் தானாக நடந்து போகிறது, தொட்டியில் எந்த மண்ணிலும் நடக்க மறுக்கிறது. மதர் ஃபெர்ன் குட்டிகளை எடுத்து நட்டால் பாதி அழுகுகிறது.

இது சத்துக் குறைவா, பி.எச். விஷயமா, வேறு ஏதாவதா? சுண்ணாம்பு போட்டால் தீருமா?

சோலைக்கரை

சுண்ணாம்பை அப்புறம் பார்ப்போம். உங்கள் மூன்று செடியும் மண்ணைத் தொடும் இடம் வேறு வேறு. ஓடுதண்டு மண்ணின் மேல்தோலைத் தொடுகிறது. அடியாண்டம் ஒரே ஒரு புள்ளியில், இலை நுனியில் தொடுகிறது. மதர் ஃபெர்னின் குட்டி, நீங்கள் கொண்டுபோய் வைக்கும்வரை மண்ணைத் தொடுவதே இல்லை. கன்று விடுமா விடாதா என்பதை முடிவு செய்வது அந்தத் தொடும் இடத்தின் மேல் 2 செ.மீ. மண்தான். அங்கே ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்க வேண்டும். சத்து அதற்குப் பிறகுதான்.

செம்மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் இருக்கும்போது அது நல்ல மண். இரும்பு ஆக்சைடு களித்துகளைக் கட்டிச் சின்னச் சின்னக் குருணையாக வைத்திருக்கும், குருணைக்கு நடுவே தண்ணீர் இறங்கும், கீழே ஆழம் இருக்கிறது. அதை வெட்டி, காயவைத்து, இடித்துச் சலிக்கும்போது குருணை நொறுங்கிவிடுகிறது. பூவாளியில் நாலு தடவை ஊற்றியதும் மேல்பக்கம் மெழுகினாற்போல மூடிக்கொள்ளும். வாள் பெரணியின் ஓடுதண்டில் உள்ள மொட்டு ஈரமான, பொலபொலப்பான பரப்பில் படிந்தால்தான் வேரும் இலையும் விடும். மெழுகிய தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று ஆழம். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை முழுக்க நனைந்தே நிற்கும். துகள் எவ்வளவு பொடியோ அந்தப் பட்டை அவ்வளவு உயரம். பொடித்த செம்மண்ணை 10 செ.மீ. தட்டில் போட்டால் ஏறக்குறைய முழுத் தட்டும் அந்தப் பட்டைதான். மேலே காய்ந்த தோல், கீழே சேறு. இதைச் சரிசெய்ய அடியில் சல்லி பரப்புவார்கள். பரப்பாதீர்கள், நனைந்த பட்டை சல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறையும். துளையை மறைக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

செம்மண்ணை வீணாக்க வேண்டாம். வாள் பெரணிக்கு இந்தக் கலவை சரியாக வரும்: செம்மண் 1 பங்கு (இடிக்காமல், 8 மி.மீ. சல்லடையில் சலித்து அதன் பொடியை 2 மி.மீ. சல்லடையில் தள்ளிவிட்டு, நடுவில் நிற்கும் குருணை மட்டும்), மட்கிய இலை 2 பங்கு, கழுவிய கோகோபீட் 1 பங்கு, 2 முதல் 4 மி.மீ. கருங்கல் சில்லு 1 பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் தண்ணீரில் அலசி, கலங்கல் போன பிறகு போடுங்கள். அலசாத எம்-சாண்டின் மாவு மறுபடி அதே மெழுகலைத்தான் உண்டாக்கும். சோதனை எளிது: 15 செ.மீ. தொட்டியில் நிரப்பி நன்றாக நனைத்து, அரை மணி கழித்து ஒரு டம்ளர் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் மேல்பரப்பிலிருந்து தண்ணீர் மறைய வேண்டும்.

ஓடுதண்டைத் தட்டின் மேல் பரப்பி, 8 அல்லது 10 செ.மீ.க்கு ஒரு இடத்தில் வளைத்த கம்பியால் அழுத்துங்கள். அழுத்திய இடத்தில் விரல்கனத்துக்கு இலைமக்கைத் தூவினால் போதும், புதைக்கக் கூடாது. தாயிலிருந்து உடனே வெட்ட வேண்டாம். கன்றில் விரல் நீளத்துக்கு மூன்று இலை வந்த பிறகு இரு பக்கமும் வெட்டலாம்.

கறுப்பு மண்ணுக்கு வந்தது வேறு வியாதி. மக்கு மிகுந்த மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மெழுகுப்பசை போன்ற கரிமப் பொருள் துகளைச் சுற்றிப் படிந்து நீரைத் தள்ளும். மேலே ஊற்றி என்ன பயன்? தட்டை அப்படியே ஒரு அகலத் தொட்டித் தண்ணீரில் பாதி ஆழம் வைத்து, கீழிருந்து ஊறும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு காயவே விடாதீர்கள். இந்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு செம்மண் குருணை கலந்தால் மறுபடி நனைவது எளிதாகும்.

வறட்சியில் அந்தத் தட்டைத் தோண்டினால் உருண்டைக் கிழங்கு கிடைக்கும். நோய் என்று எறிந்துவிடாதீர்கள். கார்டிஃபோலியாவின் அடையாளமே அதுதான், தண்ணீர் சேமிக்கும் கிழங்கு. கடையில் பாஸ்டன் ஃபெர்ன் என்று விற்பதில் (நெஃப்ரோலெபிஸ் எக்சால்டேட்டா) கிழங்கு இருக்காது. கிழங்கிலிருந்தும் புதுச் செடி வரலாம், ஆனால் பெருக்கத்துக்கு ஓடுதண்டே எளிது.

வட்டக்கானல்_நிழல்

சோலைக்கரை சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. அடியாண்டத்துக்கு மட்டும் பி.எச்.சை ஒதுக்கிவிட முடியாது. அடியாண்டம் வகைகள் பொதுவாக 6 முதல் 7 வரை விரும்பும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் கசிவில் அடியாண்டம் கேப்பிலஸ் வெனிரிஸ் செழிப்பதும், டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி காரை உதிர்ந்த பாலத்துச் சுவரில் வரிசையாக நிற்பதும் அதனால்தான். 4.9-இல் நுனி வேர் விட்டாலும் குட்டையாக நின்றுவிடும்.

போடுவதென்றால் டோலமைட் பொடி, 10 லிட்டர் கலவைக்கு 15 முதல் 20 கிராம். ஈரமாக்கிக் கலந்து இரண்டு வாரம் கிடக்கவிட்டு மறுபடி அளந்து பார்த்து, தேவை என்றால் மட்டும் இன்னும் 5 கிராம். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம், அது வேர்நுனியைச் சுட்டுவிடும். வாள் பெரணிக்கு டோலமைட்டே வேண்டாம், 5-லிருந்து 6-க்குள் அது சுகமாக இருக்கும்.

ஆனால் உங்கள் அடியாண்டம் தொட்டியில் நடக்காததற்குக் காரணம் மண் அல்ல, தொட்டி. ரோட்டோரக் கட்டின் முகத்தில் கசிவு இருக்கிறது, பாசி மெத்தை இருக்கிறது. இலை வளைந்து நுனி அந்த மெத்தையில் படிகிறது. வேர் பிடிக்கும்வரை தாய் இலை தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் நுனி விளிம்பைத் தாண்டிக் காற்றில் ஆடுகிறது, மொட்டு காய்ந்து போகிறது.

தாய்த் தொட்டியை நடுவில் வையுங்கள். சுற்றிலும் 7 செ.மீ. சிறு தொட்டிகள், தாயின் மண்மட்டத்துக்கு ஒரு சாண் தாழ்வாக. சிறு தொட்டியில் இலைமக்கும் சலித்த மணலும் சம பங்கு, மேலே ஒரு செ.மீ. பாசி. இலை நுனியில் குண்டூசித் தலை அளவு மொட்டு தெரிந்ததும் அதைப் பாசிக்குள் அமிழ்த்தி ஊக்கால் பிடித்துவைக்கவும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் முதல் குட்டி இலை வரும். மூன்று இலை வந்த பிறகு காம்பை வெட்டலாம். இலையைத் தாயிலிருந்து வெட்டி எடுத்துவந்து நுனியைப் புதைப்பவர்கள் உண்டு, பெரும்பாலும் அது வீண் வேலை.

ஒரு எச்சரிக்கை: பிலிப்பென்ஸ் வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து மட்டத்தண்டோடு தூங்கும். அந்த நேரம் நுனி பதிக்க முயல வேண்டாம். கோடை மழை தொடங்கிப் புது இலை நீளும்போது செய்யுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அதிகம் என்பதால் அக்டோபரில் இன்னொரு வாய்ப்பும் உண்டு.

பெரணிப்பாடம்

நடுவே ஒரு சொல் திருத்தம். "விதை, வித்து எதுவும் இல்லாமல்" என்று முதல் பதிவில் இருக்கிறது. பெரணிக்கு விதை கிடையாது, சரி. இலையடியில் பழுப்புப் பொட்டாக வரும் வித்தைப் பலர் பாலிலா இனப்பெருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். வித்து குன்றல் பகுப்பில் உண்டாகிறது, அது முளைத்தால் பெரணி வராது, நகக்கண் அளவில் இதய வடிவப் பச்சைத் தகடு, அதாவது கேமீட்டகத் தாவரம் வரும். அதன் மேல் விந்தும் அண்டமும் சேர்ந்தால்தான் பெரணி. நீங்கள் செய்வது உடல இனப்பெருக்கம். தாயின் நகல்தான் கன்று.

இடையில் ஒரு மூன்றாவது வழியும் உண்டு, அபோகேமி. டெரிஸ் கிரெடிக்கா, சிர்டோமியம் ஃபால்கேட்டம் போன்றவற்றில் பச்சைத் தகட்டிலிருந்து கருவுறாமலேயே பெரணி கிளம்பும். வித்துப்பையில் வழக்கமான 64-க்குப் பதில் 32 வித்து இருப்பது இவற்றில் பெரும்பாலானவற்றின் அடையாளம். விந்து நீந்தத் தகட்டின் மேல் தண்ணீர்ப் படலம் வேண்டியதில்லை என்பதால், மற்றவை கருவுறாமல் நின்றுவிடும் தட்டிலும் இவை எழும்பிவிடும். நாற்றங்காலுக்கு இது பெரிய வசதி. வித்துக்கு மண் விஷயத்தில் ஒரே கட்டாயம் சுத்தம்: சலித்த கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி, மூடி ஆறவிட்டு, பிறகு தூவ வேண்டும். இல்லாவிட்டால் பாசியும் நீலப்பச்சைப் பாசியும் முந்திக்கொள்ளும்.

மதர் ஃபெர்ன் விஷயம். கடைகளில் அஸ்ப்ளீனியம் பல்பிஃபெரம் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் அஸ்ப்ளீனியம் லுக்ரோசம் என்னும் கலப்பினம். அதன் வித்து மலடு. குட்டிமொட்டு தவிர வேறு வழி இல்லை, எனவே அழுகலைத் தடுப்பது முக்கியம். அழுகுவதற்கு மூன்று காரணம் அதிகம் பார்க்கலாம். ஒன்று, சீக்கிரம் எடுப்பது: குட்டியில் இரண்டு மூன்று இலை வந்து 1.5 முதல் 2 செ.மீ. உயரம் ஆன பிறகே எடுக்க வேண்டும். இரண்டு, புதைப்பது: குட்டியின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூன்று, மண்புழு உரம். வேர் இல்லாத குட்டிக்கு உரம் எதற்கு? பொடியான கோகோபீட், அலசிய மணல் சம பங்கு, வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கிள்ளுவதைவிட முதிர்ந்த இலையை முழுதாக வெட்டி, குட்டிகள் மேல்நோக்கி இருக்கும்படி தட்டில் படுக்கவைத்து, நாலு இடத்தில் ஊக்கால் அழுத்தி, மேலே கண்ணாடியோ ஒளிபுகும் பிளாஸ்டிக்கோ மூடலாம். தினமும் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். உள்ளே மஞ்சள் ஒட்டுத்தாள் ஒரு துண்டு வைத்தால் பூஞ்சைக் கொசு மாட்டும், அதன் புழு புது வேரைத் தின்னும்.

கேட்காத ஒன்று: ஆஞ்சியாப்டெரிஸ் என்னும் பெரணி வைத்திருந்தால், உதிர்ந்த இலைக்காம்பின் அடியில் காது போல இரண்டு சதைப்பற்றான செதில் இருக்கும். அதற்குள் தூங்கும் மொட்டு உண்டு. கழுவி, ஈர மணலில் பாதி மட்டும் புதைத்து நிழலில் வைத்தால் சில மாதங்களில் துளிர்க்கும். களிமண்ணில் வைத்தால் துளிர்ப்பதற்கு முன் கூழாகிவிடும்.

கோத்தகிரி_நாற்றங்கால்

மிக்க நன்றி. மூன்று சந்தேகம் மிச்சம். கோகோபீட் தட்டில் இலைநுனி பழுப்பாவதற்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. கறுப்பு மண் தீர்ந்துவிட்டது, பக்கத்துக் காட்டிலிருந்து இரண்டு மூட்டை எடுக்கலாமா? கடைசியாக, ரோட்டு வெட்டுமுகத்தில் பரந்து கிடக்கும் டிக்ரனாப்டெரிஸ் என்னும் பெரணியை மண் அரிப்புத் தடுப்புக்காக ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார். நாலு முறை பெயர்த்து நட்டும் பிடிக்கவில்லை.

சோலைக்கரை

நுனி பழுப்பு உப்பினால். தென்னைநார்க் கழிவில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கும், மண்புழு உரத்திலும் உப்பு உண்டு. நாலில் ஒரு பங்கு உரம் பெரணிக்கு மிக அதிகம். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு பங்கு பீட்டுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து இ.சி. மீட்டரில் (கரைந்த உப்பின் அளவை மின்கடத்தும் திறனாகக் காட்டும் கருவி) 0.5 mS/cm-க்குள் வந்தால் பயன்படுத்தலாம். மண்புழு உரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம், அதுவும் வேர் பிடித்த கன்றுக்கு மட்டும். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரம்) கொடுப்பதானால் லிட்டருக்கு அரை கிராம், மாதம் இருமுறை.

காட்டு மண் வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து மண்ணோ செடியோ அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம். அந்த மேல்மண் உருவாக ஆகும் காலத்துக்கு உங்கள் இரண்டு மூட்டை ஈடாகாது. மரப்பெரணித் தண்டை அறுத்து ஊடகமாக விற்பவர்களிடமும் வாங்காதீர்கள், சயாதியா என்னும் மரப்பெரணி இனங்கள், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இலைமக்கு நீங்களே செய்துகொள்ளலாம். தேயிலை நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் இலை மட்கத் தாமதமாகும், நறுக்கிப் போட்டு ஈரம் காத்தால் ஒரு வருடம். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையைத் தவிர்க்கவும், அதன் எண்ணெயும் பீனால்களும் இளவேரை அடக்கும். காய்கறித் தோட்டத்து மண்ணும் வேண்டாம். கேரட், உருளைக்குப் போட்ட உரமும் சுண்ணாம்பும் அதில் தங்கியிருக்கும்.

வட்டக்கானல்_நிழல்

டிக்ரனாப்டெரிஸ் கதை தலைகீழ். உங்கள் மற்றப் பெரணிகளுக்கு எது மோசமோ அது இதற்கு வீடு: அமிலம், சத்தில்லாத வெட்டுமுகம், வெயில், அலுமினியம் மிகுந்த செம்மண். நல்ல கலவையில் வைத்து உரம் போட்டால் அழுகிப்போகும். உங்கள் நாலு முயற்சியும் எப்படி என்று எழுதவில்லை, ஆனால் பொதுவாக நடக்கும் தவறு இரண்டு. முதிர்ந்த தண்டை வேர் கழுவி எடுப்பது. எடுத்த மண்ணை உதறிவிட்டு மக்குமண்ணில் வைப்பது.

செய்ய வேண்டியது: தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்துடன், கூட்டத்தின் ஓரத்தில் இளம் தண்டு முன்னேறும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். 30 செ.மீ. சதுரம், 15 செ.மீ. ஆழம், மண்கட்டியோடு மண்வெட்டியால் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, அன்றைக்கே அதே செம்மண்ணில் நடவும். முன்னேறும் நுனி கட்டிக்குள் இருக்க வேண்டும், வெட்டுப்பட்டால் அந்தக் கட்டி வீண். பழைய இலையில் பாதியை நறுக்கி நீர் இழப்பைக் குறைக்கலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் செய்தால் பாய்ச்ச வேண்டிய வேலை குறையும். சுண்ணாம்பு, கோழி எரு இரண்டும் அருகில் வரவே கூடாது.

அதே வாடிக்கையாளர் புல்வெளியோரத்தில் நிற்கும் பிராக்கன் பெரணியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதன் மட்டத்தண்டு ஆழத்தில் ஓடும், உடைந்த துண்டுகளும் துளிர்க்கும். மாடு மேயும் இடத்தில் அது நஞ்சு.

இன்னொரு பக்கம், மண்ணே வேண்டாத தண்டுகளும் உண்டு. டவாலியாவின் ரோமம் படர்ந்த தண்டையும், கொல்லிமலைச் சந்தையில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்காலின் தண்டையும் (ட்ரைனேரியா) பரப்பின் மேல் வைத்துக் கட்ட வேண்டும். புதைத்தால் எந்த மண்ணானாலும் அழுகும்.

பெரணிப்பாடம்

மூன்று மண்ணையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரே தாயிலிருந்து பிரித்த 24 கன்றுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இலையும் 5 செ.மீ. தண்டும். ஒரு மண்ணுக்கு எட்டுத் தொட்டி, எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆழம். கோகோபீட் கலவையில் மட்டும் உரம் இருந்தால் ஒப்பீடு கெட்டுப்போகும், எனவே எதிலும் உரம் வேண்டாம். தொட்டிகளைக் கலந்து வையுங்கள், வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். வலையின் ஓரத்தில் வெளிச்சம் வேறு. 12 வாரத்தில் எண்ண வேண்டியது ஓடுதண்டின் எண்ணிக்கையை அல்ல, வேர்பிடித்த கன்றின் எண்ணிக்கையை. செம்மண்ணில் ஓடுதண்டு நிறைய இருக்கும், கன்று இருக்காது. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிவைத்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

கோத்தகிரி_நாற்றங்கால்

செம்மண் தட்டு ஒன்றில் மட்டும் ஓடுதண்டின் மேல் இலைமக்கு தூவி ஊக்கு குத்தியிருக்கிறேன், மற்றதை அப்படியே விட்டிருக்கிறேன். மண்ணை மாற்றாமல் மேல்பரப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்க்க.

சோலைக்கரை

போதாது. கன்று வரும், ஆனால் வேர் இலைமக்குக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும், கீழே செம்மண்ணுக்குள் இறங்காது. தாயை வெட்டிய வாரத்தில் வாடும். ஊக்கு குத்திய இடத்துக்கு நேர் கீழே ஒரு குச்சியால் 5 செ.மீ. துளையிட்டு அதில் கலவையை நிரப்புங்கள். அப்போது பார்க்கலாம்.